அம்மா பேரு அக்கா

என் நாத்தனார் நவமணி பக்கத்து ஊரான கோலா தெர்லாவிலிருந்து எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தால், ஏதாவது ஒன்றைக் கிள்ளிவிட்டுத்தான் போவாள். அன்றைக்கு அவள் கிள்ளியது என் மகள் ரூபினியின் காதை.

"காது குத்த நாள் பாத்தாச்சாம், சந்தோசம். யாரு மடியில உக்கார வச்சுக் குத்தப் போற?"

நான் ரொட்டி சானாய்க்கு மாவு தட்டிக்கொண்டிருந்தேன். எஸ்டேட் முச்சந்தியில் இருக்கும் என் கடையில் காலை வேளையில் கால் வைக்க இடம் இருக்காது. இத்தனை பேர் முன்னாலா கேட்பாள்? பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். நானோ ஈப்போ டவுனில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவள். பெற்றவள் யாரென்றே தெரியாதவளுக்குக் கூடப் பிறந்தவன் எங்கிருந்து வருவான்? என் கல்யாணத்தில் சகோதரன் நின்று பொரி அள்ளிக் கொடுக்க வேண்டிய இடத்தில் இல்லத்துச் சமையல்காரர்தான் நின்றார். அந்தக் குறை என் மகளுக்கும் வந்துவிடக் கூடாதே என்று எனக்குள் ஒரே தவிப்பு.

"அவரு மடியிலயே உக்காரட்டும் அண்ணி," என்றேன். அவர் என்றால் என் கணவர் மகேன், தேயிலை லோரி ஓட்டுகிறவர்.

"அப்பன் மடியிலயா? நல்லாருக்கு லா! ஊரே சிரிக்கும். தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க. உனக்குன்னு ஆட எந்தச் சதை இருக்கு, பாவம்!"

அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதுதான் சுருக்கென்று தைத்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வந்துவிட்டால் வாய் என் பேச்சைக் கேட்காது. மாவைத் தொப்பென்று மேசையில் போட்டேன்.

"யாருக்குத் தம்பி இல்ல? விடிஞ்சதுல இருந்து அக்கா, அக்கான்னு இந்தக் கடையில எத்தனை பேரு கத்துறான், காதுல விழல? அக்கான்னு கூப்பிடுறவன் தம்பி இல்லாம வேற யாரு? அத்தனை பேரும் என் தம்பிங்கதான்! எம்புள்ளைக்கு மாமன்தான்! போதுமா?"

மூலை மேசையில் ரஃபீக் ரொட்டியைப் பாதி வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தான். பங்களாதேஷிலிருந்து தேயிலை வெட்ட வந்தவன். எஸ்டேட் தமிழைக் கடித்துக் கடித்துப் பேசுவான். பக்கத்துத் திரிங்காப்பில் முட்டைக்கோசுத் தோட்டம் வைத்திருக்கும் சீனர் ஆ லெங், தே தாரிக் டீக் கிளாசைக் கீழே வைத்தார். ஆ லெங்குக்கு என்னைவிட வயது எவ்வளவோ கூட, தொந்தியும் கூட. இருந்தாலும் அவருக்கும் நான் அக்காதான்.

நவமணி உதட்டைச் சுழித்துவிட்டுப் போனாள். கோபம் வடிந்ததும் எனக்கு அழுகை முட்டியது. சாயங்காலம் மகேனிடம் புலம்பினேன்.

"வாய் இருக்குன்னு பேசிட்டேங்க. யாரு வருவா?"

"யாரு வராட்டி என்ன, என் மடி இருக்கு," என்றார்.

தங்கமான மனுஷன். ஆனால் அது அப்பா மடி. மாமன் மடி ஆகிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசல் கொட்டகையில் ஆசாரி பாய் விரித்துச் சந்தனம் குழைத்து வைத்திருந்தார். நவமணி பட்டுச் சேலையில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். வேடிக்கை பார்ப்பதென்றால் அவள் என்றைக்குத் தாமதமாக வந்திருக்கிறாள்? மகேன் வேட்டியை மடித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தார்.

"இரு லா, இரு!"

தேயிலை மேட்டுப் பாதையில் ரஃபீக் ஓடி வந்தான். அவன் பின்னால் அவனோடு லைன் வீட்டில் தங்கியிருக்கும் பையன்கள், ஆளுக்கொரு தட்டோடு. தேங்காய், வாழைப்பழம், கண்ணாடி வளையல், ரோஸ் கலரில் ஒரு கவுன்.

"அக்கா, லேட் ஆச்சி. கங்காணி சொன்னது, மாமன் தட்டு ஒத்தப்படை வேணும். ஒண்ணு கொறஞ்சி, டவுன் போய் வாங்கினது," என்று மூச்சு வாங்கினான். "பூசைக்கு உள்ள வரல. மடிக்கு வரும்."

நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கப் போனேன். அதற்குள் லோரி ஹாரன் கேட்டது. ஆ லெங் புதுச் சட்டையில் இறங்கி, கூடையைத் தொந்தியால் முட்டுக்கொடுத்துத் தூக்கி வந்தார். கூடை நிறைய முட்டைக்கோசு. ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் காகிதம் சுற்றி, மேலே ஒரு சாமந்திப்பூ.

"அக்கா, எனக்குத் தட்டு தெரியாது லா. கோபிஸ்தான் தெரியும்."

மகேன் மணையை விட்டு எழுந்து சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. ஆனால் மணை ஒன்று, மாமன் இரண்டு.

"நான் பெரிய மாமா. வயசு கூட," என்றார் ஆ லெங்.

"நான் முதல்ல கேட்டது! அக்கா சொன்னப்ப நான் பக்கத்து மேசை!" என்றான் ரஃபீக்.

"நிறுத்துங்க லா!" ஆசாரி அதட்டினார். "பாப்பாவுக்கு எத்தனை காது?"

"ரெண்டு."

"அப்புறம் என்ன சண்டை?"

வலது காதுக்கு ரஃபீக் மடி. ஊசி கிட்டே வந்ததுமே அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பிள்ளைக்கு முன்னால் தானே "அம்மா!" என்று கத்தினான். இடது காதுக்கு ஆ லெங் மடி. ரூபினி வீறிட்ட வீறிடலில் அவருக்குக் கன்னம் ஆடியது, தாடை ஆடியது, தொந்தி குலுங்கிக் குலுங்கி ஆடியது. கண்ணில் தாரை தாரையாக நீர்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அண்ணி, பாத்துக்குங்க. சதை ஆடுதா?"

நவமணி ஆ லெங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டைக்குத்தான் வரப்போகிறாள் என்று நினைத்தேன். எழுந்து போய்த் தன் கைக்குட்டையை அவரிடம் நீட்டினாள்.

"ஆடுதுடி," என்றாள். "நல்லாவே ஆடுது." அப்புறம் அவளுக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பூசாரி அர்ச்சனைத் தட்டோடு வாசலுக்கு வந்தார். "மாமன்தான் பேரு சொல்லணும். பிள்ளை பேரு?"

"ரூபினி!" இரண்டு மாமன்களும் ஒரே குரலில்.

"அப்பா பேரு?"

"மகேன்!"

"அம்மா பேரு?"

ரஃபீக் ஆ லெங்கைப் பார்த்தான். ஆ லெங் ரஃபீக்கைப் பார்த்தார். இத்தனை வருசமாக என் கையால் தேத்தண்ணி குடிக்கிறவர்கள்! கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

"அக்கா."

கொட்டகையே சிரித்தது. பூசாரி என் பக்கம் திரும்பினார். "சரியான பேரு சொல்லும்மா. ஆத்தாகிட்ட சொல்லணும்ல?"

துளசி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது, இல்லத்து வாசலில் நின்ற செடியைப் பார்த்து எனக்கு வைத்த பேர். வைத்தவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா என்ற பேரை வைத்தவர்களோ, சட்டையெல்லாம் சந்தனத்தோடு என் எதிரிலேயே நிற்கிறார்கள்.

"என் தம்பிங்க சொன்ன பேரையே சொல்லுங்க சாமி."

பூசாரி உள்ளே போய் மணியை ஆட்டி, ஆத்தாளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "குழந்தை ரூபினி, தாயார் அக்கா!"

நவமணிதான் முதல் ஆளாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.