அத்தாவுல்லா உரசிப் பார்த்த கிளி

அத்தாவுல்லா யாரையும் லேசில் நம்புகிற ஆளில்லை. தாம்பரத்தில் மரக்கடை வைத்திருப்பவர். மட்டமான மரத்துக்குப் பாலிஷ் அடித்து எவனாவது பர்மா தேக்கு என்று கொண்டுவந்தால், பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால் ஒரு தேய்ப்பு, வண்டவாளம் தெரிந்துவிடும்.

மகள் ரூக்சாரைக் கட்டிய இர்ஃபான் மேலும் அவருக்கு அதே சந்தேகந்தான். கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வாய்க்கு வாய் ‘மாமா, மாமா’. இவ்வளவு பளபளப்பென்றால் உள்ளே என்ன மரமோ, யார் கண்டது? மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்ததில்தான் மனுஷனுக்குக் கொஞ்சம் நிம்மதி. முதல் பேரப்பிள்ளை தன் வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்பதில் அவருக்கு உயிர்.

வெள்ளிக்கிழமை இர்ஃபான் பல்லாவரம் சந்தையிலிருந்து மனைவிக்கு ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கிவந்தான். பச்சை உடம்பு, ரோஜா நிறக் கன்னம். உள்ளங்கையில் அடங்கிவிடும் குட்டிக் கிளிகள். ரூக்சாருக்கு வாயெல்லாம் பல். அதுவும் அவருக்கு உறுத்தியது.

“சந்தையில குருவிக்குச் சாயம் பூசி விக்கிறானுங்க மாப்ளே. நல்லா பார்த்தீங்களா?”

“ஒரிஜினல்தான் மாமா.”

“தேக்கு விக்கிறவனும் அதத்தான் சொல்றான்.”

இர்ஃபான் முகம் சுண்டிப்போனது. “அத்தா, இது மரமில்ல. விடுங்க,” என்றாள் ரூக்சார்.

விட்டாரா மனுஷன்? மறுநாள் மகளும் மனைவி சாஜிதாவும் செக்கப்புக்குப் போன நேரம் பார்த்து ஒரு கிளியைப் பிடித்தார். தின்னர் துணியால் முதுகு, கழுத்து, கன்னம் எல்லாம் தேய்தேய் என்று தேய்த்தார். துணியில் ஒரு பொட்டுச் சாயம் ஒட்டவில்லை. சப்பென்று ஆகிவிட்டது அவருக்கு.

தேக்கென்றால் வெயிலில் சாத்திவைத்தால் தின்னர் வாடை போய்விடும். கிளியைத் திரும்பக் கூண்டில் விட்டு, கூண்டையும் அப்படியே ஜன்னலோர வெயிலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கிளி வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் திணறிக் கீழே விழுந்தது. தண்ணீர் தெளித்தார், விசிறினார், “யா அல்லாஹ்” என்று கெஞ்சினார். கழுத்து துவண்டுவிட்டது.

அதற்குள் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே வந்த ரூக்சாருக்கு வாடை குப்பென்று அடித்தது.

“பூனை வந்து…” என்று ஆரம்பித்தார்.

“சாயம் வந்துச்சா அத்தா?”

“இல்லம்மா.”

அவள் அழவில்லை. வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்து செல்போனை எடுத்தாள்.

“ஏங்க, சாயங்காலம் வண்டி எடுத்துட்டு வாங்க. பிரசவம் நம்ம வீட்லயே பார்த்துக்கலாம்.”