நோயில்லா வகுப்புக் கோப்பை

எங்க ஸ்கூல்ல 'மாணவர் நலக் குழு'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பசங்களோட ஆரோக்கியத்தைப் பசங்களே பாத்துக்குவாங்களாம். ரொம்ப நல்லது. அப்ப பதினாறு வருஷமா நான் இந்த சிக் ரூம்ல என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன், ஈ ஓட்டிக்கிட்டா?

நான் நர்ஸ். இங்க எல்லாருக்கும் 'சிஸ்டர்'. வராண்டா கடைசியில, மாடிப்படிக்குக் கீழ என் ரூம். ரெண்டு கட்டில், ஒரு எடை மிஷின், ஒரு குட்டி ஃபிரிட்ஜ், ஒரு தடி நோட்டு. வர்ற பிள்ளையோட வகுப்பு, நேரம், என்ன கோளாறு, என்ன குடுத்தேன், அத்தனையும் அந்த நோட்டுல ஏறணும். வயித்துவலின்னு வர்றதுல பாதிக்குக் கணக்குப் பரீட்சைதான் நோய். அதுக்கும் ஒரு வரி எழுதுவேன்.

குழுவுக்குத் தலைவி பதினொண்ணாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி. நான் வெச்ச பேரு குட்டி டாக்டர். நெஞ்சுல பச்சை பேட்ஜ், கையில கிளிப் மாட்டின அட்டை, வாயைத் திறந்தா மேடைப் பேச்சு. "வருமுன் காப்பதே சிறந்தது, சிஸ்டர்"னு என்கிட்டயே வந்து பாடம் எடுக்குது. கொல்லன் தெருவுலயே ஊசி விக்க வந்துட்டா.

முதல்ல தண்ணி பெல் வெச்சாங்க. மணிக்கொரு தரம் பெல் அடிக்கும், எல்லாரும் ஒரு டம்ளர் குடிக்கணும். அறுநூறு பிள்ளைங்க ஒண்ணா தண்ணி குடிச்சா அடுத்த அரை மணியில எங்க ஓடும்னு ஒருத்தர் மூளைக்கும் எட்டலை. கக்கூஸ் மொத்தம் எட்டு. அதுல மூணுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அதைச் சரி பண்ணுங்கன்னு நான் குடுத்த லெட்டர் எந்த டிராயர்ல தூங்குதோ. ஆனா சுவர் பூரா போஸ்டர் ஒட்டிட்டாங்க. சிரிக்கிற கேரட், சிரிக்கிற ஆப்பிள், சிரிக்கிற பல்லு.

அப்புறம்தான் அந்தக் கோப்பை வந்துச்சு. மாசத்துல எந்த வகுப்பு சிக் ரூமுக்குக் கம்மியா வருதோ, அதுக்கு 'நோயில்லா வகுப்பு'ன்னு கோப்பை. கூடவே ஒரு நாள் மத்தியானம் பூரா விளையாட்டு. யோசனை குட்டி டாக்டரோடது. அவ மேல எனக்குக் கோவமில்லை, பதினாறு வயசு, அதுக்கு என்ன தெரியும். ஆனா அந்த மீட்டிங்ல உக்காந்திருந்த இருபது பெரியவங்க கைதட்டினாங்களே, அவங்களை என்ன சொல்றது.

"அப்ப காய்ச்சல் வந்த பிள்ளை என்ன பண்ணும்?"னு நான் கேட்டேன்.

பெரிய மேடம், அதான் எங்க தலைமை ஆசிரியை, மூக்குக்கண்ணாடிக்கு மேல பாத்தாங்க. "சிஸ்டர், நீங்க எதைச் சொன்னாலும் நொட்டை சொல்லுவீங்க."

நமக்கென்னன்னு விட்டுட்டேன்.

முதல் வாரமே கூட்டம் குறைஞ்சுது. ரெண்டாவது வாரம் முழங்கால் சிராய்ச்ச பிள்ளை ஒண்ணு என் வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு, ரத்தத்தோட திரும்பிப் போயிருச்சு. பின்னால அதோட வகுப்புத் தோழன், "வேணாம்டா, வேணாம்டா"ன்னு கையைப் பிடிச்சு இழுக்கறான். பெரிய மேடம் ஸ்டாஃப் ரூம்ல, "பாத்தீங்களா, நோயே குறைஞ்சிருச்சு"ன்னு பூரிச்சுப் போனாங்க. கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டிருச்சுன்னு பூனைதான் நெனைக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். எம்.ஏ. படிச்ச பூனையை அன்னைக்குத்தான் பாத்தேன்.

இப்ப எட்டாம் வகுப்பு பி பிரிவுல இருக்கற ஒரு பொண்ணைப் பத்திச் சொல்லணும். நான் அவளைப் பன்னெண்டு மணின்னுதான் கூப்பிடுவேன். சின்ன வயசுலயே சர்க்கரை வியாதி. தினம் பன்னெண்டு மணிக்கு என்கிட்ட வரணும். விரல்ல குத்தி சர்க்கரை அளவு பாக்கணும், இன்சுலின் ஊசி போடணும், பன்னெண்டரைக்குச் சாப்பிடணும். ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை விழுந்துரும், ஆளும் விழுந்துரும். இதுக்கு நடுவுல விளையாட்டு கிடையாது. மூணு வருஷமா ஒரு நாள் தவறினதில்லை. வந்து உக்காந்தா வாய் ஓயாது, எந்த டீச்சர் செருப்பு அறுந்துச்சுன்னு வரைக்கும் சேதி சொல்லிட்டுப் போவா.

கோப்பை வந்த அடுத்த வாரம் அவ வரலை. மறுநாளும் வரலை. மூணாவது நாள் வராண்டாவுல பிடிச்சு நிறுத்தினேன்.

"டாக்டர் டைம் மாத்திட்டாரு, சிஸ்டர். மத்தியான ஊசி வேணாமாம்."

"சீட்டு எங்கடி?"

"நாளைக்குக் கொண்டு வர்றேன்."

நாளைக்கு வரவேயில்லை. அவ அம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். போடலை. ஏன் போடலைன்னா, ரூம் அமைதியா இருந்துச்சு. ஃபேனுக்குக் கீழ உக்காந்து மூணு வாரம் சுகமா பத்திரிகை படிச்சேன். அடுத்தவங்களைத் திட்டறேனே, இந்த வெக்கங்கெட்டவளையும் சேத்துத்தான் திட்டறேன்.

மாசக் கடைசியில கோப்பை விழா. பதினோரு மணிக்குன்னு சொல்லி எல்லாரையும் ஹால்ல நிக்க வெச்சாங்க. சிறப்பு விருந்தினரா வரவேண்டிய ஆரோக்கியப் பேச்சாளர் வந்து சேரும்போது பன்னெண்டு இருபது. வந்த மனுஷன் மைக்கைப் பிடிச்சார், விடலை. நேரத்துக்குச் சாப்பிடறதோட அருமையைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசினார். அறுநூறு பிள்ளைங்க வயிறு காஞ்சு நிக்குது, இந்த ஆளு நேரத்துக்குச் சாப்பிடச் சொல்றாரு.

நான் பக்கத்துச் சுவரோரமா நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். எட்டு பி வரிசையில பன்னெண்டு மணி நின்னுக்கிட்டு இருந்தா. ரெண்டு பக்கமும் ரெண்டு பொண்ணுங்க அவ தோள்ல கைபோட்டு, இடுப்பைச் சுத்திப் பிடிச்சிருந்தாங்க. முன்னெல்லாம் அவ பக்கத்துல ஒரு ஆளு நிக்காது. ஒட்டிக்கும்னு ஒரு பைத்தியக்காரப் பேச்சு. பரவாயில்லையே, கூட்டாளி கிடைச்சுட்டாங்கன்னு எனக்குச் சந்தோஷமாக்கூட இருந்துச்சு.

"கடைசி மூன்று வாரமாக ஒரு வருகைகூட இல்லாத வகுப்பு, எட்டு பி!"ன்னு குட்டி டாக்டர் மைக்ல அறிவிச்சா. மொத்த வகுப்பும் மேடைக்கு ஓடுச்சு. அந்த மூணு பேரும் கடைசியா வந்தாங்க. மேடைப்படியில நடுவுல இருந்தவளோட கால் ஏறலை. இழுபட்டுச்சு. அப்பத்தான் அவ முகத்தைப் பாத்தேன். ஃபேன் காத்துல வேர்வை ஊத்துது, உதடு வெளுத்திருக்கு, கண்ணு எங்கயோ பாக்குது. அது தோழமை இல்லை. விழாம முட்டுக் குடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

நாற்காலியைத் தள்ளிட்டு ஓடினேன். என் வயசுக்கு அப்படி ஓடக்கூடாது. மேடையில ஏறி அவளைப் பிடிக்கப் போனா, குட்டி டாக்டர் குறுக்க கையை நீட்டறா.

"சிஸ்டர், ஒரே ஒரு போட்டோ மட்டும்."

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். பேட்ஜ் பிச்சுக்கிட்டு விழுந்துச்சு. பன்னெண்டு மணியைத் தரையில சாய்ச்சு, பையில இருந்த மிஷினை எடுத்து விரல்ல குத்திப் பாத்தேன். சர்க்கரை முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழ போனாலே நான் பதறுவேன். பையில எப்பவும் குளுக்கோஸ் வெச்சிருப்பேன், கரைச்சு, "முழுங்குடி, முழுங்குடி"ன்னு கொஞ்சம் கொஞ்சமா வாயில விட்டேன். முழுங்கினா. அந்த முதல் முழுங்கல் இறங்கற வரைக்கும் எனக்கு உசுரு இல்லை. பேச்சாளர் மட்டும் மைக்ல, "பயப்படாதீங்க, காத்து விடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார்.

சிக் ரூமுக்குத் தூக்கிட்டு வந்து படுக்க வெச்சேன். அந்த ரெண்டு பொண்ணுங்களும் வாசல்ல நின்னு அழுதாங்க. மெல்ல மெல்ல எல்லாம் வெளிய வந்துச்சு. முதல் வாரம் இவ ஒருத்தி தினம் வந்ததாலதான் எட்டு பி கடைசியில நின்னுச்சு. அதனால வகுப்பே உக்காந்து பேசி, இனிமே சிக் ரூம் வேணாம், வீட்டுல இருந்து மருந்தைக் கொண்டு வந்து கக்கூஸ்ல வெச்சு ஊசி போட்டுக்கோன்னு முடிவு பண்ணியிருக்காங்க. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால ரெண்டு பேர் முறை வெச்சுக் காவல் நின்னிருக்காங்க. அன்னைக்கும் பன்னெண்டு மணிக்கு நழுவிப் போய்ப் போட்டுட்டு வந்திருக்கா. பன்னெண்டரைக்குச் சாப்பாடுன்னு நம்பி.

"நடுங்குதுன்னு அவ சொன்னா, சிஸ்டர். கோப்பை வாங்கற வரைக்கும் பொறுத்துக்கோன்னு நாங்கதான் சொன்னோம்."

அவ அம்மா தையல் கடையில இருந்து ஓடி வந்தாங்க, கழுத்துல அளவு டேப் அப்படியே தொங்குது. மகளோட காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. என்னைத் திட்டுவாங்கன்னு காத்திருந்தேன். திட்டலை.

"இந்த மூணு வாரமா சிரிச்சுக்கிட்டே ஸ்கூலுக்குப் போனா, சிஸ்டர். உடம்பு தேறிடுச்சுன்னு நெனச்சேன்"னாங்க.

அந்த நேரம் பாத்துப் பெரிய மேடம் உள்ள வந்தாங்க. பொண்ணு எப்படி இருக்குன்னு கேட்டாங்க, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். கேட்டுட்டு என்னை ஓரமாக் கூப்பிட்டாங்க. "விழா நாளைக் கணக்குல சேக்க வேணாம், சிஸ்டர். நோட்டுல ஏத்தாதீங்க. வந்தவங்க முன்னாடி நம்ம பேரு என்ன ஆகறது?"

"பேரு நல்லாத்தான் இருக்கு, மேடம். பிள்ளைதான் கவுந்து கிடக்கு."

அவங்க போனதும் கட்டில்ல இருந்து குரல் வந்துச்சு. பன்னெண்டு மணி கண்ணைத் திறந்திருந்தா. என்ன வேணும்னு குனிஞ்சேன்.

"எழுதாதீங்க, சிஸ்டர்."

"நீயுமாடி?"

"எழுதினா கோப்பையைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் யாரும் என்கிட்டப் பேச மாட்டாங்க. இப்பத்தான் பேச ஆரம்பிச்சாங்க."

அந்தப் பிள்ளை மூணு வருஷம் தனியா உக்காந்து சாப்பிட்டது எனக்குத் தெரியும். மூணு வாரச் சிநேகிதத்துக்காக உசுரைப் பணயம் வெச்சிருக்கா. எழுதாம விட்டா நாளைக்கும் கக்கூஸ்ல போய் நிப்பா. அவ பாக்கும்போதே நோட்டை எடுத்து எழுதினேன். அன்னைக்கு நடந்ததை மட்டுமில்லை, மூணு வாரம் வராததையும், நான் அம்மாவுக்குப் போன் போடாததையும் சேத்து எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு, அவ அம்மாகிட்டயும் படிச்சுக் காட்டினேன். அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

குழுவுல விதின்னா விதி. மறுநாளே கோப்பையை எட்டு பி-கிட்ட இருந்து வாங்கி ஏழு ஏ-க்குக் குடுத்தாங்க. கோப்பையை நிறுத்தணும்னு நானும் அவ அம்மாவும் போய் நின்னோம். பெரிய மேடம் நிறுத்தலை, விதியைத் திருத்தினாங்க. 'நிரந்தர நோயாளிகளின் வருகை கணக்கில் சேராது'ன்னு காலை அசெம்பிளியில மைக் வெச்சுப் படிச்சாங்க. நிரந்தர நோயாளின்னா ஸ்கூல்லயே ஒருத்திதான். அத்தனை தலையும் அவ பக்கம் திரும்புச்சு. கருணை காட்டறாங்களாம். தூ.

அன்னைக்கு மத்தியானம் அவ வந்தா. தனியா. நாற்காலியில உக்காந்து விரலை நீட்டினா. குத்தினேன், அளவு பாத்தேன், ஊசி போட்டேன். செருப்பு அறுந்த சேதி ஒண்ணும் வரலை. டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு எழுந்தவ வாசல்ல நின்னா.

"உங்களாலதான் சிஸ்டர், என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க."

"ஆமா, என்னாலதான். நாளைக்கும் பன்னெண்டு மணிக்கு வந்து இதையே என் மூஞ்சிக்கு நேரா சொல்லு."