பொற்கொடி பார்க்காத அரண்மனை

காலை ஷிப்ட் முடிந்து வந்த குழந்தைவேல், செய்தித்தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தார். சுரங்கத்தில் முப்பது வருஷம் ராட்சத இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய மனுஷனுக்கு, பெண்டாட்டி பொற்கொடியிடம் அதிலிருந்த ஒரு செய்தியைச் சொல்ல வாய் வரவில்லை.

பொற்கொடியின் அம்மா சின்ன வயதில் தெற்கே ஒரு கடலோர அரண்மனையில் கூடம் பெருக்கியவள். மகாராஜா கோடையில் காற்று வாங்கக் கட்டியது. ராஜ்யம் போனதும் சர்க்கார் கைக்கு வந்து, வெகுகாலம் பூட்டிக் கிடந்து, பிறகு ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள்.

"எங்கம்மா பெருக்குன கூடத்துல ஒருவாட்டி நடந்துட்டு வரணுங்க." கல்யாணமான நாளாய் அவள் கேட்டது இது ஒன்றுதான். நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா?

குழந்தைவேலும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆனால் நகரியத்தில் ஒரு வழக்கம். குடும்பத்தோடு ஊர் பார்க்க நாலு வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி டிக்கெட் காசு தரும், எல்.டி.சி. என்பார்கள். எவ்வளவு தூரம் போகிறானோ அவ்வளவு கெட்டிக்காரன். ஒரு ராத்திரி ரயிலில் போய்விடுகிற ஊருக்கு அதை வீணாக்கினால் குடியிருக்கிற பிளாக்கே சிரிக்கும். டெல்லி போனார்கள், காஷ்மீர் போனார்கள், கல்கத்தா, குஜராத் எல்லாம் போனார்கள். "அது இங்கதான இருக்குது, எங்க ஓடிப்போவுது? அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்பார் ஒவ்வொரு முறையும்.

சாப்பிட உட்கார்ந்தபோது பேப்பர் நழுவிக் கீழே விழுந்தது. அவளே எடுத்துப் பிரித்தாள். மகாராஜா கட்டியது முதல் எல்லாக் கதையும் போட்டிருந்தார்கள். அரண்மனை இனி மாநில அரசின் அதிகாரபூர்வ விருந்தினர் இல்லமாம். இந்த மாதத்திலிருந்து பொதுமக்களுக்கு அனுமதி இல்லையாம். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

"பதினெட்டு வருஷம் தொறந்தே இருந்திருக்குதுங்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"மனு போட்டுப் பாக்கலாம் பொற்கொடி. யூனியன்ல தங்கராசுகிட்ட சொல்லி..."

"இன்னான்னு எழுதுவீங்க? கூடம் பெருக்குனவ பொண்ணு வந்துகினு இருக்கறா, தொறந்து வுடுங்கன்னா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. சும்மா, விவரம் கேட்கிற மாதிரி கேட்டாள். அடப்பாவி, பிளாக் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட்டிப் போயிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

செய்திக்கு மேலே போட்டிருந்த படத்தில் அரண்மனை இல்லை, கடலும் இல்லை. புதிதாகப் போட்ட இரும்புக் கதவும், துப்பாக்கியோடு ஒரு காவலரும்தான். பொற்கொடி பேப்பரைத் தரையில் விரித்து, ஆட்காட்டி விரலால் அந்தக் கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தாள்.