அலமாரிக்குள் எடுத்த துணுக்கு

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் ஈஸ்டர் விடுமுறைக்குத் தேவாலயம் காலியாகக் கிடந்தாலும் கிடக்கும், பெயின்ட் கடையில் நிற்க இடமிருக்காது. நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்துவிட்டால் அந்த ஊர் ஆண்களுக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது பெயர்க்க வேண்டும், எதையாவது ஒட்ட வேண்டும். லோர்னாவின் கணவன் ஷேன் அந்த வருடம் பெயர்க்க நினைத்தது மாடி அறையின் சீலிங்கை.

லோர்னாவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிறக்கப்போகும் குழந்தைக்கு அந்த அறைதான். வீடு ஷேனின் அப்பா ரெஜ் வாங்கியது. அவர் மாரடைப்பில் போன பிறகு மாமியார் டோரீன் இரண்டு தெரு தள்ளிச் சின்ன வீடு ஒன்றுக்குப் போய்விட்டாள். அந்தச் சீலிங்கும் ரெஜ்ஜின் கைவேலைதான். எழுபதுகளில் அந்தத் தெரு முழுக்கப் பிடித்திருந்த பைத்தியம் அது. ஈரப் பூச்சில் சீப்பை வைத்து இழுத்து, விசிறி விசிறியாகக் கோலம் போட்டுவிடுவார்கள். படுத்துக்கொண்டு பார்த்தால் தலை சுற்றும்.

அந்தக் காலத்துப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம் என்பது ஊரறிந்த விஷயம். தொடாமல் விட்டால் பாதகமில்லை. சுரண்டினால் தூசி பறக்கும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் முப்பது, நாற்பது வருடம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு கணக்குத் தீர்க்க வரும்.

"சோதிச்சுப் பார்க்காம அதுல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது" என்றாள் லோர்னா.

"நாப்பது வருஷம் அதுக்குக் கீழதான் படுத்துக் கிடந்தேன். செத்தா போயிட்டேன்?" என்றாள் டோரீன். "உங்க காலத்துல ரொட்டி கருகிப்போனாக்கூட டாக்டரக் கூப்பிடுவீங்க கண்ணு."

லோர்னா சண்டைக்குப் போகவில்லை. பரிசோதனைக் கூடத்துக்கு எழுதிப் போட்டாள். முகமூடி, கையுறை, இரண்டு பிளாஸ்டிக் பை எல்லாம் தபாலில் வந்தன. சீலிங்கிலிருந்து ஒரு துணுக்கைப் பெயர்த்து அனுப்புவதற்காக ஷேன் மாடிக்குப் போனான். வயிற்றுப் பிள்ளைக்காரி அந்தப் பக்கமே வரக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு, லோர்னா கீழே மாடிப்படியடியில் நின்று கத்தினாள்.

"நல்லா நனைச்சியா? சோப்பு கலந்த தண்ணிதானே?"

"நனைச்சாச்சு. குளிப்பாட்டியே விட்டாச்சு. எங்க எடுக்கட்டும்?"

"அலமாரிக்குள்ள எடு! நடுவுல ஓட்டையப் பார்த்தா உங்கம்மா சும்மா இருக்க மாட்டாங்க. ரெஜ் நெஞ்சுலயே உளி வச்ச மாதிரி ஒப்பாரி வைப்பாங்க."

முழுசாகப் பெயர்க்கப்போகிற சீலிங்கில் நகம் அளவு ஓட்டை வெளியே தெரியக் கூடாதாம்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பாரே என்று குப்பைத் தொட்டியைக்கூடத் துடைத்து வைக்கிற சனங்கள் அவர்கள். அந்த அறையின் ஒரு மூலையைப் பலகையால் அடைத்து எப்போதோ அலமாரி ஆக்கியிருந்தார் ரெஜ். அதற்குள்ளும் அதே சீலிங், ஏறக்குறைய அதே விசிறி. பல இடங்களில் எடுங்கள் என்று பையோடு வந்த குறிப்பு சொன்னது. ஒரே அறை, ஒரே கை போட்ட பூச்சு, ஒன்று போதாதா என்று நினைத்தாள் லோர்னா. ஆனைக்கும் அடி சறுக்கும்.

பதில் வரும்வரை அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. குழந்தைத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மூடிய கதவு மூடித்தான் இருக்கிறதா என்று படியேறிப் பார்த்தாள். கதவுக்கு அடியில் ஈரத் துண்டைச் சொருகினாள். ராத்திரி ஷேன் குறட்டை விட்டால், குறட்டையில் ஏதாவது கரகரப்பு இருக்கிறதா என்று காது கொடுத்தாள். கைப்பேசியில் படிக்காத பக்கமில்லை. படிக்கப் படிக்கத் தூக்கம்தான் போனது.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் பதில் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை.

ஷேன் அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்தான், முடியவில்லை. "ரெண்டு பேரத் தூக்குற வயசு போச்சு" என்றான். லோர்னா சிரித்தாள். அப்படியும் மனசு அடங்கவில்லை. எதற்கு அடங்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஷேன் சுரண்டியும் ஏணியுமாக மாடிக்குப் போய்விட்டான். டோரீன் அன்றைக்கென்றே சுடுகிற, மேலே சிலுவை போட்ட பன்னைச் சூடாகத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். வெண்ணெயோடு ஒரு பிடி கேலியும் கொண்டுவந்திருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? அந்தச் சீலிங்கு யாரக் கடிக்கப் போகுது? நீ பிறக்காத பிள்ளைக்குப் பயப்படுற. இவன் சின்ன வயசுல அந்தச் சீலிங்கையே தலையில போட்டுக்கிட்டவன்."

"என்னது?"

"இதே ஈஸ்டர்தான். பரண்ல இருந்த தண்ணித் தொட்டி உடைஞ்சு மூலையில சீலிங்கு பொத்துனு விழுந்துருச்சு. நல்ல வேளை, யாரும் அங்க இல்ல. ரெண்டு நாள்ல காஞ்சு பொடியாக் கிடந்துச்சு. இவனுக்கு நாலு வயசு. பனி பெய்ஞ்சிருக்குனு நினைச்சுக்கிட்டான். அள்ளி அள்ளித் தலையில போட்டுக்கிட்டு ஆட்டம். அப்பப்பா, அந்தச் சிரிப்பு!"

லோர்னா வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள். "எந்த மூலை?"

"இப்ப அலமாரி இருக்கே, அந்த மூலைதான். அடுத்த வருஷம் ரெஜ் புதுப் பூச்சு வாங்கி ஒட்டுப் போட்டாரு. விசிறி மட்டும் பழையபடி வரவே இல்ல. அசிங்கமா இருக்குனுதான் பலகை அடிச்சு மறைச்சாரு."

லோர்னா எழுந்தாள். அந்த வயிற்றோடு அவ்வளவு வேகமாகப் படியேற முடியும் என்று அவளே நினைத்திருக்க மாட்டாள். "ஷேன்! கைய எடு! தொடாத!"

ஷேன் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். சோதனையில்தான் ஒன்றும் இல்லையே என்று முகமூடி கழுத்தில் தொங்கியது. தலையெல்லாம் வெள்ளை, தோளெல்லாம் வெள்ளை.

"எங்க சுரண்டினே?"

"அலமாரிக்குள்ள மட்டும்தான். கை பழகட்டும்னு... இப்பதான் நடுவுல ஆரம்பிக்கப் போனேன். ஏன்?"

"நாம அனுப்பினது உங்கப்பா போட்ட புது ஒட்டு. பழச இன்னும் யாரும் சோதிக்கவே இல்ல" என்றாள் அவள், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு. போன உயிர் பாதிதான் திரும்பியது. பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்த டோரீன் மகனைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்படியே இருக்கான் பாரு! அதே பனி!"

இந்தத் தடவை ஆள் வைத்துத் துணுக்கு எடுத்தார்கள். நடுவில், ஜன்னலோரம், கதவோரம். மறுபடி காத்திருப்பு. லோர்னா மறுபடி துணி மடித்தாள்.

பதில் வந்தபோது மூன்று பேரும் சமையலறையில்தான் இருந்தார்கள். லோர்னா உரக்கப் படித்தாள். மூன்று இடத்திலும் இருந்தது. வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ்.

ஷேன் நாற்காலியில் சாய்ந்தான். "நீ மட்டும் அன்னிக்குக் கத்தாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அந்த அறையைப் பூட்டிவிடலாம், முறையாக வேலை தெரிந்தவர்கள் வந்து எடுக்கும்வரை குழந்தை தங்கள் அறையிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. லோர்னா அழுதாள். பயத்தில் இல்லை, நிம்மதியில்தான். அழுகை அடங்கியதும் மாமியாரைப் பார்த்தாள். நீ சொன்னதுதான் சரி கண்ணு என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரவேண்டும். அதற்காக அவள் எத்தனை நாளாகக் காத்திருக்கிறாள்!

டோரீன் தேநீர்க் கோப்பையைத் தட்டில் அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ரெஜ் ஒட்டுப் போட்டதுதானே புதுசு?" என்றாள்.

"ஆமா."

"அப்ப விழுந்தது பழசு."

லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் கூட்டினேன். வெறும் துடைப்பத்தால. அவன் கேட்டான்னு..." டோரீன் கோப்பையை நகர்த்தி வைத்தாள். "இன்னும் பனி, இன்னும் பனினு கேட்டான். நான்தான் முறத்துல அள்ளி அவன் தலையில கொட்டினேன்."

"ஒரு தடவைதானே" என்றாள் லோர்னா அவசரமாக. "ஒரு தடவைக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்றாங்க."

"ஆகாதுன்னு சொல்றாங்களா, ஆகாமயும் போகலாம்னு சொல்றாங்களா?"

லோர்னா எல்லாப் பக்கத்தையும் படித்தவள். எது என்று அவளுக்குத் தெரியும்.

"அட, விடுங்க ரெண்டு பேரும்" என்றான் ஷேன். "முப்பது வருஷமாச்சு. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன் பாருங்க." அதைக் காட்டுவதற்கென்றே மேஜையில் இருந்த பன் ஒன்றைப் பெரிதாகக் கடித்து, தேநீரை அவசரமாக விழுங்கினான். புரை ஏறிவிட்டது. இருமினான்.

டோரீனின் கை மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டது. இருமல் நிற்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.