ஐம்பதா, எண்பத்திரண்டா

வேதியியல் டீச்சருக்கு அன்றைக்கு வாய் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பின் சுவரில் தொங்கிய தனிம வரிசை அட்டவணையில் ஐம்பதாவது கட்டத்தைச் சாக்பீஸால் தட்டினாள்.

"இது வெள்ளீயம். அணுவுக்குள்ள ஐம்பது புரோட்டான். நேர் கீழ பாருங்க, ஈயம். எண்பத்திரண்டு. பேரைக் கேட்டா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா கீழ இருக்கிறது விஷம். சின்னப் பிள்ளைங்க உடம்புல போனா மூளையையே கெடுத்துடும்."

இரண்டாம் பெஞ்சு வாயாடி எழுந்தாள். "மிஸ், நம்ம பால் பாய்லருக்கு ஈயம் பூசினாங்களே, அது ஐம்பதா, எண்பத்திரண்டா?"

வகுப்பே சிரித்தது. ஐம்பதுதான் என்று சொல்லி உட்காரவைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் டீச்சருக்குத் தான் எழுதிக் கொடுத்த சீட்டு ஞாபகம் வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துச் செம்பு பாய்லரில் உள்பூச்சு போய்விட்டது. "உலோகமெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்" என்று தலைமையாசிரியை அதை இவள் தலையில் கட்டினார். என்ன வாங்கணும் என்று அட்டெண்டர் வந்து நின்றபோது, கையில் திருத்தாத விடைத்தாள் கட்டோடு நடந்துகொண்டே ஒரு சீட்டில் கிறுக்கிக் கொடுத்தாள்: ஈயம், இரண்டு கிலோ. ஈயம் பூசுறது என்றுதானே ஊரெல்லாம் சொல்கிறது? வெள்ளீயம் பூசுறது என்று எந்த வீட்டில் யார் சொன்னார்கள்? அவள் வீட்டுப் பேச்சில் எழுதிவிட்டாள். ஆய்வகச் சாமான் விற்கிற கடைக்காரர் பாடப்புத்தகப்படி எண்பத்திரண்டை எடுத்துக் கொடுத்திருந்தால்? இந்த இரண்டையும் மாற்றி எழுதிய பிள்ளைகளுக்குப் பதினாறு வருஷமாக மார்க்கைக் குறைத்துக்கொண்டிருப்பவள் அவள்.

மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய மகளுக்கு ஒரு வாரமாக வயிற்றுவலி. பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாக்குச் சொல்கிறாள் என்று இன்று காலைகூட அதட்டித்தான் அழைத்து வந்தாள். தினமும் அவள் குடிப்பதும் அந்தப் பாய்லர் பால்தான். பாடத்தை எழுதிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுப் பால் அறைக்கு ஓடினாள்.

அட்டெண்டர் பாய்லரில் பாலை ஊற்றி முடித்திருந்தார். பூச்சு வேலை, குழாய் வேலை, பூட்டு வேலை எல்லாம் அவர்தான்.

"அண்ணே, அந்த ஈயம் எப்படி இருந்துச்சு?"

"அதை ஏன் கேக்கறீங்க டீச்சர். கைக்குள்ள அடங்கற கட்டி, ஆனா கை ஒடியற கனம். செம்புல பிடிக்கவே மாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணுச்சு. ரெண்டு தடவ பூசினேன்."

"சீட்டு வச்சிருக்கீங்களா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அவள் பாய்லர் மூடியைக் கவிழ்த்து, உள்பக்கத்தைச் சாவியால் லேசாகச் சுரண்டி, அந்தச் சீட்டின் வெற்றுப் பக்கத்தை அதில் அழுத்தி இழுத்தாள். பென்சிலால் கோடு போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் விழுந்தது. வெள்ளீயம் காகிதத்தில் இப்படி எழுதாது.

அவள் முகத்தைப் பார்த்தே அட்டெண்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"இந்தச் சீட்டு இருக்கிற வரைக்கும்தான் டீச்சர் பேச்சு. கிழிச்சுப் போட்டா கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்னு முடிஞ்சிடும். சாயங்காலத்துக்குள்ள நான் சுத்தமா சுரண்டிடறேன். உங்க வேலை போறதை என்னால பாத்துட்டிருக்க முடியாது."

பாசத்தில்தான் சொன்னார். கிழித்துவிடலாம் என்று அவளுக்கும் தோன்றாமலில்லை. சீட்டை நாலாக மடித்தும்விட்டாள். சுரண்டினால் பாய்லரிலிருந்து போய்விடும். பிள்ளைகளிடமிருந்து? ஈயம் என்று யாரும் சொல்லாவிட்டால் எந்த டாக்டர் அந்த இரத்தத்தில் ஈயத்தைத் தேடுவார்? கடைக்காரர்மேல் பழியைப் போட்டால், சீட்டைக் காட்டு என்று அவர் கேட்கமாட்டாரா?

மணி அடித்தது. வரிசை வாசல்வரை வந்துவிட்டது. மூன்றாவதாக அவள் மகள், நீல டம்ளரோடு. பள்ளிக்கூடத்தில் அம்மா என்று கூப்பிடக்கூடாது என்பது இவள் போட்ட சட்டம்தான். முன்னால் நின்ற இரண்டு பேரையும் இவள் கையாலேயே ஒதுக்கினாள்.

மகள் டம்ளரை நீட்டினாள். "மிஸ், எனக்குக் கொஞ்சமா போதும். வயிறு வலிக்குது."

டீச்சர் டம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பாய்லர் குழாயை முழுக்கத் திறந்தாள். சூடான பால் தரையில் கொட்டி, சாக்கடையைத் தேடி ஓடியது. பிள்ளைகள் துள்ளிப் பின்வாங்கினார்கள். தலைமையாசிரியை அறையிலிருந்து யாரோ வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு கையால் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, நனைந்துவிடாமல் சீட்டை மறுகையில் உயரப் பிடித்திருந்தாள்.