எர்த் கொடுக்காத வீடு

'நாளைக்கு சார்' என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். தன் புது வீடு முழுக்க என் வீட்டுக்காரரிடம் வயரிங் வேலை வாங்கிக்கொண்டு, கடைசித் தவணைக் கூலியை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தவர். குடி வந்தாயிற்று, மாடியில் கொடி கட்டித் துணியும் காயப்போட்டாயிற்று. இவர் போன் செய்தால் எடுப்பது மட்டும் கிடையாது.

கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், இவருக்குக் கறாராகப் பேச வராது. அதற்குப் பதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாக்கி நிற்கிற வீட்டில் ஏதாவது ஒரு வேலையை முடிக்காமல் விட்டு வருவார். அந்த வீட்டில் குளியலறை ஹீட்டருக்கு லைன் கொடுக்கவில்லை.

"குளிர் வரட்டும், தானா கூப்பிடுவாங்க" என்பார்.

"ஆமா, கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க" என்பேன்.

அன்று சாயங்காலம் இருவரும் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "நீங்க வயரிங் பண்ண அந்தப் புது வீட்டு ஹீட்டருக்கு வேற ஒரு ஆள் இன்னைக்கு லைன் கொடுத்துட்டாராமே" என்றார். இருந்த ஒரே பிடியும் போச்சு என்று இவரைத் திட்டத் திரும்பினேன். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த ஆள் எர்த் பார்த்தாரா?" என்று கேட்டார். கடைக்காரருக்குத் தெரியவில்லை.

வாங்க வந்ததை விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். "அந்த வீட்டுக்கே எர்த் இல்ல" என்றார். "வயரை வெளியே எர்த் குழிகிட்ட சுருட்டி வெச்சிருக்கேன். காசு வந்ததும் அதைச் சேர்த்துட்டு ஹீட்டருக்கு லைன் கொடுக்கலாம்னு விட்டேன்."

"அது இல்லன்னா ஹீட்டர் ஓடாதா?"

"ஓடும். அதுதான் பயமே. உள்ளே சூடாகுற காயில்ல கரண்ட் லேசா கசிஞ்சாக்கூட, அது மண்ணுக்குப் போக வழி கிடையாது. குழாயைத் தொடுற ஆள் வழியாத்தான் போகும்."

பின்னால் உட்கார்ந்தபடி இவர் போனிலிருந்து 'நாளைக்கு சா'ரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, துண்டித்தார். மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் துண்டித்தார். கூலிக்குத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்திருப்பார். வேறு எதற்கு நாங்கள் கூப்பிட்டிருக்கிறோம்? என் போனிலிருந்து போட்டதும் எடுத்தார். "சார், நான் எலக்ட்ரீஷியன் சம்சாரம் பேசறேன்" என்பதற்குள் வைத்துவிட்டார். கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அப்படி நினைத்ததே பயமாகவும் இருந்தது.

கேட் பூட்டியிருந்தது. அவர் மனைவி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அவர் வெளியூர் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்றார்.

"காசு கேட்டு வரலம்மா. ஹீட்டரை அணைங்க. யாரையும் குழாயைத் தொட விடாதீங்க" என்றார் இவர்.

"வசூலுக்கு இப்படி ஒரு கதையா?" ஜன்னல் சாத்தப்பட்டது.

பக்கவாட்டில் குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியூர் போன மனிதர் உள்ளே பாடிக்கொண்டிருந்தார்.

இவர் காம்பவுண்டுச் சுவரிலிருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். வீடு இருண்டது. பாட்டும் நின்றது. இருட்டியதால் நின்றதா, குழாயைத் தொட்டதால் நின்றதா? இவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் கையை விட அது சில்லிட்டிருந்தது.

"யார்யா அது?" என்று உள்ளிருந்து ஒரு கத்தல். அந்த அதட்டல் அவ்வளவு இனிமையாக இருந்தது எனக்கு.

இடுப்பில் துண்டும் காதில் சோப்பு நுரையுமாக வந்தார். "கூலிக்காகக் கரண்டைப் பிடுங்குவியா நீ? போலீசைக் கூப்பிடவா?" அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவருக்கு மானம் போனது. மனைவியிடம் பர்ஸை வாங்கி, பாக்கி முழுவதையும் கேட் கம்பி வழியாக நீட்டினார். "இந்தா. கட்டையைச் சொருகிட்டு இடத்தைக் காலி பண்ணு."

நாங்கள் கொடுக்க வேண்டிய இரண்டு மாத வாடகை நின்றிருந்தது. வாங்கிக்கொண்டு, ஏதோ சரிபார்க்கிற மாதிரி வயரைச் சேர்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காதீங்க என்று மனசுக்குள் இவரைக் கெஞ்சினேன்.

"சார், வீட்டுக்கு எர்த் சேர்க்கல. காசு வரலன்னு நான்தான் சேர்க்காம விட்டேன்" என்றார் இவர்.

நோட்டுகள் கம்பிக்கு உள்ளே திரும்பிப் போயின.

அவர் நம்பவில்லை. கேட்டைத் திறக்கச் சொல்லி இவரே காட்டினார். கட்டையைச் சொருகிவிட்டு, யாரையும் கிட்டே விடாமல் ஹீட்டர் குழாயில் டெஸ்டரை வைத்தார். அது சிவப்பாக எரிந்தது; குழாயில் கரண்ட் இருந்தது. வாளியில் பிடித்து வைத்திருந்த பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக்கொண்டு, ஹீட்டர் சூடாகட்டும் என்று காத்திருந்தாராம் மனிதர். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இவர் மெயினை அணைத்து, ஹீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் எர்த் வயரைச் சேர்த்து முடித்தார். நாங்கள் கிளம்பும்போது அந்த மனிதர், காசைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேற வீட்லயும் இப்படி விட்டிருக்கியாய்யா?"

இவர் டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"வீட்டுக்குத்தானே?" என்றேன். தன் போனை என்னிடம் கொடுத்தார்.

"நீ பின்னாடி உட்கார்ந்து கூப்பிட்டுக்கிட்டே வா."

"யாரை?"

"பாக்கி வெச்சிருக்கிற எல்லாரையும்."

வண்டி வேறு பக்கம் திரும்பியது. முதல் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. துண்டித்துவிட்டார்கள்.