சுரங்கத்துக்குள் ஒரு சினை முயல்

1

இந்தக் கதை எங்கள் குடும்பக் குழுவுக்கு இன்று வந்த ஒரு படத்திலிருந்து பிறந்தது. எங்கள் ஊர் சோங்சிங்கில் போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு ஒளிய வெட்டிய பழைய சுரங்கம். வெயிலுக்கு ஊரே அதற்குள் ஒதுங்கும். மூங்கில் நாற்காலியில் என் அக்கா ஹுவாயிங், எட்டு மாத வயிற்றோடு. மடியில் கூடை. கூடைக்கு வெளியே இரண்டு நீளக் காதுகள்.

கேட்டேன். பாதியை அம்மா சொன்னாள், பாதியை அத்தான் தேகாங் சொன்னார். மிச்சம் என் கற்பனை. தெற்கே தொழிற்சாலை விடுதியில் படுத்தபடி போனிடம் சொல்லிச் சொல்லித்தான் எழுதுகிறேன். தப்பிருந்தால் வீட்டார் திருத்துங்கள்.

2

முதல் தொடக்கம்: "சூரியன் நெருப்பாய்ச் சுட்டெரித்த அந்த…" அழி.

இரண்டாவது: "முயலுக்கு வியர்க்காது."

இது இருக்கட்டும். முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் விடும். சினை முயலென்றால் சூடு வயிற்றுக்குள்ளும் இறங்கும். தாய் தீனியைத் தொடாது. குட்டிகள் உள்ளேயே சுருங்கும். பிழைத்துப் பிறந்தாலும் பால் போதாது. அதனால் கோடையில் இணை சேர்ப்பதில்லை. இந்தமுறை வெயில் முந்திக்கொண்டது, மின்சாரமும் போனது, அக்கா வீட்டு முயல் கொட்டகையில் விசிறிகள் நின்றன.

தேகாங் வாளி வாளியாகத் தரையில் தண்ணீர் ஊற்றினார்.

"ஏங்க, நிறுத்துங்க! ஆவியில பன் வேக வைக்கிற அடுக்குச்சட்டி மாதிரி ஆயிடுச்சு," என்றாள் ஹுவாயிங்.

"தண்ணி ஊத்தினா குளிருமேன்னு…"

"நம்ம ஊர்க் காத்துல ஏற்கெனவே பாதி தண்ணி. இது எங்க காயும்? ஜன்னலைத் திறங்க!"

முந்தின நாள்தான் வெள்ளை முயல் ஈன்றிருந்தது. குட்டிகளுக்கு மெத்தை போடத் தன் வயிற்று ரோமத்தில் ஓர் இழைகூடப் பிடுங்கவில்லை. வெறும் பலகையில் நிலக்கடலை அளவுக் குட்டிகள். ஒன்றும் அசையவில்லை.

ஹுவாயிங் தேம்பித் தேம்பி அழுதாள்.*

* அம்மா: "அவ எங்கடா அழுதா? தாளில சுத்திப் புதைச்சிட்டு, கை கழுவிட்டு, தன் வயித்துல கையை வெச்சவதான். அப்புறம் எடுக்கவே இல்ல." சரி. அந்த வரியை அழி.

3

மாமியார் கத்தினார்: "போய்ச் சுரங்கத்துல உக்காரு! உன் வயித்துல இருக்கிறது முயலா, மனுசனா?"

"போறேன் அத்தை. சாம்பலியும் வருவா."

"அந்தச் சினை முயலா? கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?"

"நாங்க ரெண்டு பேரும் ஒரே கொட்டகையிலதான் வெந்தோம். அவ உள்ள எதுவும் மிஞ்சலைன்னா, என்னுள்ள மட்டும் மிஞ்சும்னு நான் எப்படி நம்புறது?"

[இப்படி அவள் சொன்னாளா என்று தெரியாது. என் பயத்தை அவள் வாயில் வைத்திருக்கலாம்.]

சுரங்க வாசலில் காவல்காரர் லியாவ் மறித்தார். இவரை வில்லனாக்கப் பார்த்தேன்; அந்த வேடத்துக்குள் வரமாட்டேன் என்கிறார்.

"முயலுக்கெல்லாம் இடமில்ல தாயி."

"கர்ப்பிணிக்கு முதலிடம்னு நீங்கதானே பலகை மாட்டியிருக்கீங்க அண்ணே?"

"அது மனுசங்களுக்கு."

உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பாமலே குரல் கொடுத்தாள்: "விடுய்யா லியாவ்! நேத்து மிளகாய் போட்டு முயல் தலையைக் கடிச்சவன்தானே நீ. அதுக்கு ஒரு பாவ மன்னிப்பாவது வேண்டாமா?"

லியாவ் தலையைச் சொறிந்தார். "கூடையை விட்டு இறங்கக் கூடாது. இந்த ஒருத்தி மட்டும்தான்."

"நாளைக்கு இன்னொருத்தி," என்றாள் ஹுவாயிங், நடந்துகொண்டே.

4

ஈரத்துணியால் ஹுவாயிங் சாம்பலியின் காதுகளை ஒற்றினாள். அவற்றின் சூடு மெல்ல இறங்கியது. சாம்பலி கீரைத் தண்டைக் கடித்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, தன் வயிற்று ரோமத்தை வாய் நிறையப் பிடுங்கியது. மறுபடியும். மறுபடியும்.

"போடு, போடு," என்றாள் ஹுவாயிங். "நல்லா மெத்தை போடு."

இனி முடிவு. ஒன்று: எல்லாக் குட்டிகளும் உயிரோடு. அம்மாவுக்குப் பிடிக்கும். இரண்டு: பாதிதான், அதுவும் சிறுத்து… அழி. மூன்று: அக்காவின் பிரசவ…

இல்லை. அவளுக்கு மாதம் இன்னும் நிறையவில்லை. பிறக்காததை நான் எழுதமாட்டேன்.

அடுத்த படமும் வரவில்லை. ஆகவே நீங்களே பாருங்கள். கை கழுவிக்கொள்ளுங்கள், சோப்பு வாசனை கூடாது. கூடைத் துணியை ஓரமாக விலக்கி, சாம்பலி போட்ட ரோம மெத்தைக்குள் விரலை விடுங்கள். கொஞ்சம் பொறுங்கள். அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள்.

அசைகிறதா?